வெயில் கூண்டு

அத்தியாயம் 11

5.10.2024, சனிக்கிழமை

இன்று ஒரு சின்னத் தவறு கண்டுபிடித்தேன், என்னுடையதுதான். நிதானிக்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்துவிட்டு, அது குடிக்கவில்லையே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். பச்சோந்தி தேங்கி நிற்கும் தண்ணீரைத் திரும்பியும் பார்க்காது. இலையில் உருளும் துளியைத்தான் நக்கும். மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா இதை முதல் நாளே சொன்னார். தலையாட்டிவிட்டு மறந்தவள் நான். நாளைக் காலை அதை முதல்முறையாக வெளியே வெயிலில் விடப்போகிறேன். இதேபோல இன்னும் எதை மறந்திருக்கிறேனோ, தெரியவில்லை.

*

எழுதியதை ஞாயிற்றுக்கிழமை காலையில் யோகலட்சுமி மறுபடி படித்தாள். கடைசி வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தாள். தினமும் அரைப் பக்கம் எழுதினால் பரீட்சைக்குக் கை பழகும் என்று மாலை வகுப்பில் சொன்னதிலிருந்து எழுதுகிறாள். அரைப் பக்கத்தில் கால் பக்கம் அடித்தல்தான்.

அடிக்காமல் விட்டுவிட்டு எழுந்தாள். வேலை இருந்தது.

அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே வதினா இருந்தாள். அண்ணன் திலீப்பின் மனைவி பிரியங்காவை யோகா வதினா என்றுதான் கூப்பிடுவாள். அவள் எல்லைக்கு அந்தப் பக்கத்து நகரிப் பெண், இந்த வீட்டுக்கும் தெலுங்கு புதிதில்லை. ஆவணியில், ஏழாம் மாதத்தில், வதினாவின் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் அந்த அறைக்குள் போய்ப் படுத்தாள். சாப்பாடு உள்ளே போகும், பாதி திரும்பி வரும். யோகாவின் அப்பா ஓட்டும் தறியின் சத்தத்துக்கும் சுவருக்கும் நடுவே அவள் இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாது.

பள்ளிப்பட்டு ரோட்டில் யாரோ வண்டியை ஏற்றிவிட்டுப் போன பச்சோந்தியைத் திலீப் துண்டில் சுற்றிக்கொண்டு வந்த அன்றைக்குத்தான் அவள் எழுந்து உட்கார்ந்தாள். முன்னங்கால் ஒன்று நசுங்கியிருந்தது. அவளே மருந்து தடவினாள். ஒரு அடி எடுத்து வைக்க அது நாலு தரம் முன்னும் பின்னும் ஆடுவதைப் பார்த்து நிதானி என்று பெயரும் வைத்தாள்.

கால் ஆறியதும் வனத்துறைக்குச் சொல்லி ஒப்படைத்துவிட வேண்டும், இது வீட்டில் வளர்க்கிற ஜீவன் இல்லை என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதற்குள், வாரத்துக்குச் சில நாளாவது காலை வெயில் அதன் மேல் நேராகப் பட வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வருகிற வெயில் உதவாது, எலும்பு இளகிப்போகும் என்றும் சொல்லியிருந்தார்.

வதினாவுக்கும் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் தேவலை என்று யோகா நினைத்தாள்.

ஏனென்றால் வெள்ளிக்கிழமை அம்மா வரலட்சுமி சமையலறையில் வைத்துச் சொன்ன வார்த்தை அவள் காதைவிட்டுப் போகவில்லை.

"ஞாயித்துக்கிழம வரைக்கும் பாப்பேன். அவ எழுந்து நாலு பேரப்போல வெளிய வரலன்னா நகரிக்கு போன் பண்ணிடுவேன். அவங்க நைனா வந்து கூட்டிகினு போவட்டும். எத்தினி நாளு ஒரு பொண்ண இருட்டுல வெச்சிக்கினு பாத்துகினே இருப்பேன்?"

"போனா திரும்பி வருவாங்களாம்மா?"

அடுத்த தெரு வளவன் வீட்டிலிருந்து 'கொஞ்ச நாள்' தாய் வீடு போன மருமகள் போனவள்தான். அது இருவருக்கும் தெரியும்.

*

கூண்டைச் சனிக்கிழமையே செய்து முடித்திருந்தாள்.

தோட்டத்து மதிலோரம் பழைய மேசை. அதன்மேல் மூங்கில் சட்டம். சட்டத்தைச் சுற்றி ஜன்னலுக்கு அடிக்கும் வலை. முதலில் துணிக் கொசுவலையைத்தான் எடுத்தாள். நகம் சிக்கிக் காலை இழுத்துக்கொள்ளும் என்று தோன்றியதும் பிரித்துவிட்டாள். உள்ளே செம்பருத்தித் தொட்டி. ஏற இறங்கக் கொய்யாக் குச்சிகள். அடியில் வழவழவென்று பிளாஸ்டிக் தாள், துடைத்தெடுக்கச் சுலபம். காக்கை, பூனை எதுவும் நுழைய முடியாதபடி மேலே மூடி.

எறும்பை நினைத்தபோது அவளுக்கே தன்மேல் கொஞ்சம் மதிப்பு வந்தது. மேசையின் ஒவ்வொரு காலையும் தண்ணீர் ஊற்றிய கொட்டாங்குச்சிக்குள் வைத்தாள்.

பாதி வெயில், பாதி நிழல் வேண்டும். சூடு தாங்காவிட்டால் ஒதுங்க இடம் வேண்டும். நிழலுக்குத் தறியிலிருந்து அறுத்த லுங்கித் துண்டு ஒன்றை எடுத்துக் கூண்டின் பாதி மேல் போட்டாள். காற்றுக்குப் பறக்காமலிருக்க அதன் இரண்டு முனைகளை மதிலில் இருந்த ஆணிகளில் இழுத்துக் கட்டினாள்.

எல்லாவற்றையும் ஒருமுறை தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு போய் அறைக் கதவைத் தட்டினாள்.

"வதினா. கூண்டு ரெடி. நிதானியத் தரீங்களா?"

"கதவு சும்மாதான் சாத்தி இருக்குது. எடுத்துக்கோ."

"நான் தூக்கினா அது கருத்துப்போவுது வதினா. பயப்படுது. நீங்க தூக்கினாதான் பச்சையா இருக்குது."

யோகா கதவில் காதை வைத்தாள்.

"வெளிய வந்து கூண்டுல விட்டுட்டு உடனே உள்ள போயிடுங்க. நான் பாத்துக்கறேன்."

கட்டில் கிரீச்சிட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. தோளில் நிதானியோடு பிரியங்கா நின்றாள். நைட்டிக்கு மேல் துண்டு. தலை வாரி எத்தனை நாளோ. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினாள். தோளிலிருந்த நிதானியின் கண் ஒன்று யோகாவையும் மற்றொன்று கூரையையும் பார்த்தது.

கூடத்தில் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்த வரலட்சுமியின் கை நின்றது. மருமகள் கடந்து தோட்டத்துப் பக்கம் போகிறவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. போன பிறகு யோகாவை மட்டும் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"காபி வெக்கட்டா அவளுக்கு?"

"வையும்மா."

*

வெயில் பட்டதும் நிதானி செய்தது எதுவும் யோகா எதிர்பார்த்ததில்லை.

முதலில் அசையாமல் கிடந்தது. அப்புறம் உடம்பைத் தட்டையாக்கி, வெயிலுக்கு விலாவைக் காட்டி நின்றது. மங்கலாக இருந்த பச்சை மெல்லத் தெளிந்து, நடுநடுவே மஞ்சள் புள்ளிகள் எழும்பின. யோகா கைத்தெளிப்பானால் இலைகளை நனைத்தாள். லுங்கித் துண்டும் நனைந்து தொங்கியது. செம்பருத்தி இலை நுனியில் திரண்ட துளியை நிதானி நக்கியது.

"குடிக்குது வதினா!"

"ஆங்." பிரியங்கா கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே போகவில்லை. வரலட்சுமி காபியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பினாள். பிரியங்கா அதை எடுத்துக் குடித்தாள். முருகன் மலைக்குக் காவடி எடுத்துப் போகிற கூட்டம் ஒன்று மேளத்தோடு பெரிய தெருவில் கடந்தது. அந்தச் சத்தத்துக்கு அவள் தலையைத் திருப்பியதைக்கூட யோகா மனதுக்குள் குறித்துக்கொண்டாள்.

வெட்டுக்கிளி ஒன்றைக் கூண்டுக்குள் விட்டாள். நிதானி சட்டை செய்யவில்லை. குச்சியைவிட்டு இறங்கி இறங்கித் தரைக்கு வந்தது. மூலையில் பிளாஸ்டிக் தாளைப் பிறாண்டியது. அடுத்த மூலைக்குப் போய் அங்கேயும் பிறாண்டியது.

"தப்பிச்சிப் போவப் பாக்குதோ?"

பிரியங்கா அந்தப் பிறாண்டலையே கண் கொட்டாமல் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

அப்போதுதான் மதிலுக்கு மேலே எல்லம்மாளின் தலை எழுந்தது. பக்கத்து வீட்டுக்காரி, இரவல் வாங்கிய சல்லடையைத் திருப்பித் தர வந்தவள்.

"யாரு, பிரியங்காவா? அடேயப்பா, இப்பத்தான் பொழுது விடிஞ்சிதா உனக்கு?" என்று சிரித்தாள். பிறகு கூண்டைப் பார்த்தாள். "இன்னாடி இது, கல்யாணப் பந்தலு கணக்கா? ஓணானுக்கா இத்தினி சோடன?"

"ஓணான் இல்லக்கா, பச்சோந்தி," என்றாள் யோகா.

"எதுவோ ஒண்ணு. ஏம்மா, நான் சொல்றேன்னு கோவிச்சிக்காத. அந்த ஜந்துவ மடியில வெச்சிக் கொஞ்சிகினு இருந்தா, அப்புறம் மடி எப்பிடி நெறையும்? அதக் கொண்டு போயி எங்கனா விட்டுட்டு, மேல போயி முருகன் கிட்ட வேண்டிக்கோ."

சல்லடை மதில்மேல் இருந்தது. எல்லம்மாள் தலை இறங்கிவிட்டது.

பிரியங்கா எழுந்தாள். காபி டம்ளர் கவிழ்ந்து உருண்டது. உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்ட சத்தம் கேட்டது.

யோகா கூண்டைப் பார்த்தாள், வீட்டைப் பார்த்தாள். கூண்டை விட்டு ஒரு நொடிகூட நகரக்கூடாது என்பது அவளே போட்ட விதி. வலையைத் தொட்டுப் பார்த்தாள், இறுக்கமாக இருந்தது. கொட்டாங்குச்சிகளில் தண்ணீர் இருந்தது. காக்கை இல்லை. பூனை இல்லை.

இன்று வதினா மறுபடி அந்தக் கட்டிலில் படுத்தால் அம்மா போனை எடுத்துவிடுவாள்.

யோகா உள்ளே ஓடினாள்.

*

"அவங்க பேச்ச விடுங்க வதினா. அவங்களுக்கு வாய்ல இருந்து வந்துடும், மனசுல ஒண்ணும் இருக்காது."

"மனசுல இல்லாததா வாய்ல வருது?" பிரியங்கா சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். "வெளிய வந்தா எல்லாரும் மொதல்ல என் வயித்தப் பாக்கறாங்க யோகா. அப்புறந்தான் மூஞ்சி. உங்கம்மாவும்தான்."

"அம்மா உங்களுக்குக் காபி போட்டாங்க."

"போட்டாங்க. குடிச்சேன்." தோளிலிருந்த துண்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நல்லா இருந்துச்சி."

யோகா எப்போதும் முன்கூட்டியே யோசித்து வைத்துப் பேசுகிறவள். இதற்கு எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை. அதனால் பக்கத்தில் உட்கார்ந்து, வதினாவின் சிக்குப் பிடித்த தலையில் கையை வைத்தாள். பிரியங்கா கையைத் தட்டிவிடவில்லை.

"சீப்பு எடுத்துகினு வரட்டா?"

"எடுத்துகினு வா" என்றாள் பிரியங்கா.

யோகா சிக்கெடுத்தாள். நுனியிலிருந்து, இழுக்காமல், நூல் சிக்கு எடுப்பதுபோல. இரண்டு பக்கமும் பிரித்து முடித்துப் பின்னலைத் தொடங்குகையில் தோட்டத்திலிருந்து அம்மாவின் அலறல் வந்தது.

"அடியே யோகா! எறும்புடீ! ஓடியாங்கடீ!"

தறிச் சத்தம் சட்டென்று நின்றது. அவள் நைனா என்று கூப்பிடும் அப்பா மணவாளன்கூட எழுந்துவிட்டார் என்று அர்த்தம்.

*

மேசைக் காலில் ஒரு எறும்புகூட இல்லை.

அவை மதில் வழியாக வந்திருந்தன. ஆணியிலிருந்து லுங்கித் துண்டு வழியே, சிவப்பு நூல் இழுத்ததுபோல ஒரே வரிசை. துண்டு முழுக்க மொய்த்து, வலையின் கண்களில் நுழைந்து, செம்பருத்தி மேல் இறங்கி, நிழல் பக்கம் ஒதுங்கியிருந்த நிதானியின் மேல்.

அது கருப்பாக இருந்தது. கரிக்கட்டைக் கருப்பு. வாய் திறந்திருந்தது. ஆறாத காலிலும் கண்ணைச் சுற்றியும் எறும்பு.

வரலட்சுமி மூடியைப் பிடுங்கி எறிந்து அதை வெளியே எடுத்துவிட்டிருந்தாள். இத்தனை நாள் அது இருந்த அறைப் பக்கம்கூட முகம் சுளித்தவள், இப்போது இடது உள்ளங்கையில் அதைக் கிடத்தி, வலது கை நகங்களால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தாள். இமையில் கவ்வியிருந்ததை, இமை கிழியாமல். அறுந்த இழையைத் தேடி எடுக்கிற விரல்கள்.

"தண்ணி ஊத்துடீ, நின்னு பாக்காத! மெதுவா ஊத்து!"

யோகா ஊற்றினாள். பிரியங்கா பாதிப் பின்னலோடு ஓடிவந்து மண்டியிட்டு, வால் பக்கமிருந்து எடுக்கத் தொடங்கினாள். நைனா லுங்கித் துண்டை ஆணியிலிருந்து அறுத்து எடுத்தார். முகர்ந்து பார்த்தார்.

"கஞ்சித் துணிய ஏம்மா போட்ட?" என்றார். கோபமில்லாமல்தான் கேட்டார். "நேத்து அறுத்தது. அலசவே இல்லியே."

யோகாவுக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த வீட்டில் பாவு நூலுக்கு அரிசிக் கஞ்சி போட்டுத்தான் நெய்வார்கள். பிறந்ததிலிருந்து மொடமொடவென்று அந்தத் துணியைத் தொட்டுத் தொட்டு, கஞ்சி என்பது தனியாக ஒன்று என்றே அவளுக்குத் தோன்றியதில்லை. அதன்மேல் தண்ணீரும் தெளித்திருக்கிறாள். ஊறிய சோற்றை எறும்புக்கு விரித்து, அதற்குப் பாலமும் கட்டிக் கொடுத்திருக்கிறாள்.

"உசுரு இருக்குது," என்றாள் வரலட்சுமி கடைசியில். வலது கண் வீங்கி மூடியிருந்தது. விலா ஏறி ஏறி இறங்கியது. அதை மருமகள் கையில் கொடுத்துவிட்டுத் தன் விரல்களைப் பார்த்தாள். கடிபட்டுத் தடித்திருந்தன. முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"யோகா, நீ உள்ள வா."

*

வதினாவுக்கு ஈரத் துணி எடுத்துக் கொடுத்துவிட்டு யோகா வந்தபோது, சமையலறையில் வரலட்சுமி பேசி முடித்த போனை வைத்துவிட்டுக் கைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள்.

"அவ மூஞ்சியப் பாத்தியா நீ? அந்த ஜந்து கருத்துப்போயி கெடந்தப்ப?"

"பாத்தேன்."

"ஆஸ்பத்திரில பாத்த அதே மூஞ்சி. இன்னொரு தரம் என்னால பாக்க முடியாது. அது பொழைக்காது, யோகா. அது போவற அன்னிக்கி அவ இங்க இருக்கக் கூடாது. பெத்த அம்மா பக்கத்துல இருக்கட்டும்."

"அம்மா, இன்னிக்கி அவங்க வெளிய வந்தாங்க. நீதான சொன்ன, ஞாயித்துக்கிழமன்னு?"

"போன் பண்ணிட்டேன். நாளைக்கிக் காலையில மொத பஸ்ஸுக்கு அவங்க நைனா வர்றாரு."

"அண்ணன் வந்துடட்டும். அண்ணன் கிட்ட கேக்காம..."

"கேட்டுட்டேன்." வரலட்சுமி சுண்ணாம்பு டப்பாவை மூடினாள். "சரின்னுட்டான்."

சரக்கு கொண்டுபோன திலீப் இன்னும் வீட்டுக்கே வரவில்லை. போனிலேயே சரியென்றுவிட்டான். அந்த அறைக்குள் போகாமலிருக்க அவன் ஏற்கெனவே எத்தனை வேலைகளைக் கண்டுபிடித்திருக்கிறான் என்று யோகா ஒருமுறை நினைத்துப் பார்த்தாள். நிறைய.

*

விளக்கு வைக்கிற நேரத்துக்கு யோகா அறைக்குள் போனாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனாள்.

"தெரியும்," என்றாள் பிரியங்கா. "இந்தச் சொவுரு மெல்லிசு. பாவா கூட, உங்கண்ணன்கூட சரின்னுட்டாரில்ல?"

யோகா தலைகுனிந்தாள்.

நிதானி வதினாவின் மடியில், ஈரத் துணிமேல் கிடந்தது. கருப்பு கொஞ்சம் விலகி, பழுத்த இலையின் நிறம் வந்திருந்தது. ஒரு கண் மட்டும் மெல்லச் சுழன்றது.

"என் தப்புதான் வதினா. கஞ்சி..."

"இங்க கை வையி."

பிரியங்கா அவள் விரலைப் பிடித்து நிதானியின் அடிவயிற்றோரம் வைத்தாள். மெத்தென்று இருந்தது. அதற்குள் சின்னச் சின்னதாக, வரிசையாக, எதுவோ.

"முட்ட," என்றாள் பிரியங்கா. "எங்க ஊரு மாந்தோப்புல பாத்திருக்கேன். மரத்துலயே இருக்கறது, முட்ட வெக்க மட்டும் தரைக்கு வரும். ஈர மண்ணாப் பாத்துத் தோண்டும். காலையில அது தப்பிச்சிப் போவப் பாக்கல யோகா. மண்ணு தேடிச்சி."

அந்த வழவழத் தாள் யோகாவின் கண்முன் வந்தது. துடைத்தெடுக்கச் சுலபம்.

"எப்ப இருந்து தெரியும் உங்களுக்கு?"

"ஒரு வாரமா."

"ஏன் வதினா யார்கிட்டயும் சொல்லல?"

பிரியங்கா ஈரத் துணியின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள்.

"போன தரம் மூணாம் மாசமே ஊரெல்லாம் சொன்னோம். இந்த தரம் முட்ட மண்ணுக்குள்ள போற வரைக்கும் வாயத் தெறக்கக் கூடாதுன்னு இருந்தேன்."

வெளியே தறி மறுபடி ஓடத் தொடங்கியது.

"மண்ணு கெடைக்கலன்னா?" என்று யோகா கேட்டாள். கேட்ட பிறகு கேட்டிருக்கக் கூடாதோ என்று தோன்றியது.

"உள்ளயே தங்கிடும். தங்கிச்சின்னா அதுவும் சேந்து போயிடும்." பிரியங்காவின் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "எனக்கும் உள்ளயேதான இருந்துச்சி. நான் போவல. அவ்வளவுதான்."

யோகா அவள் பின்னால் போய் உட்கார்ந்தாள். காலையில் பாதியில் விட்ட பின்னலை எடுத்தாள். பிரியங்கா தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக் கொடுத்தாள்.

"பஸ்ஸுல கொண்டு போனா தாங்காது," என்றாள், சுவரைப் பார்த்தபடி. "அத விட்டுட்டு நானும் போவ மாட்டேன்னு உங்கம்மா கிட்ட யாரு சொல்றது?"

யோகா பின்னி முடித்தாள்.

*

6.10.2024, ஞாயிற்றுக்கிழமை

இன்றைய தவறைச் சின்னது என்று எழுத முடியவில்லை. கஞ்சித் துணியை அலசாமல் போட்டேன். இரண்டாவது, மண் இருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் தாள் விரித்தேன். மூன்றாவதாகக் கூண்டை விட்டு உள்ளே போனதை எழுதத் தொடங்கி அடித்துவிட்டேன். அது தவறா என்று எனக்குத் தெரியவில்லை.

நாளை செய்ய வேண்டியது: விடிந்ததும் ஏரிக்கரைக்குப் போய்ப் பெரிய வாளி நிறைய மண் கொண்டுவர வேண்டும், பாதிக்குப் பாதி மணல் கலந்து. கையால் பிடித்தால் பிடி நிற்கிற ஈரம் வேண்டும். எறும்பு இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்க்க வேண்டும். நிதானியை அதில் வதினா கையால் விடச் சொல்ல வேண்டும். டாக்டரம்மாவுக்கும் வனத்துறைக்கும் போன் பண்ணி, கண்ணையும் முட்டையையும் சொல்லிவிட வேண்டும்.

அதற்குப் பிறகு முதல் பஸ் வரும். வதினாவின் நைனா செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் நான் வாசலில் நிற்க வேண்டும். அம்மா பேசுவதற்கு முன்னால் நான் பேச வேண்டும்.